நடுவில் இருந்த முகம்

அந்த ஐந்து முகங்களையும் எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. மஞ்சள் வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு. முதலாவது பல் தெரியச் சிரிக்கும். இரண்டாவது வாயை மூடிக்கொண்டு சிரிக்கும். நடுவில் இருப்பது ஒன்றுமே சொல்லாது. நாலாவது வாயைக் கோணும். கடைசி முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர். பதினாறு வயதுப் பிள்ளை காலையில் எழும்பிக் கைபேசியைத் திறந்தால், 'இன்றைக்கு எப்படி இருக்கிறாய்?' என்று கேட்கும். பிள்ளை ஐந்தில் ஒன்றை அழுத்த வேண்டும். மென்பொருளை விற்க வந்த நிறுவனத்துப் பெடியன் இதைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டி, இளையவர்களுக்கு இப்படித்தான் பிடிக்கும் என்றான். என் வீட்டிலும் பதினாறு வயதில் ஒன்று இருந்தது, காலையில் அது எனக்கு ஒரு முகத்தையும் காட்டியதில்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முகங்கள் இருந்தபடியே இருந்தன.

நான் டென்மார்க்கில் ஒரு கொம்யூனில், நம்மூர்க் கணக்கில் சொன்னால் நகரசபையில், பிள்ளைகளையும் இளையவர்களையும் பார்க்கும் பகுதியில் அலுவலக வேலை செய்கிறேன். கேஸ் பார்ப்பவள் இல்லை. கேஸ் பார்ப்பவர்களுக்குக் கடிதம் அனுப்புவது, கூட்டம் ஒழுங்குபண்ணுவது, கணினி முரண்டு பிடித்தால் தட்டிக் கொடுப்பது. புதிய மென்பொருள் வந்தபோது அதை நன்றாகப் பழகி மற்றவர்களுக்கும் பழக்கிவிடும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். சம்பளம் ஏறவில்லை. 'உனக்குத்தான் பொறுமை இருக்கிறது' என்றார் மேலாளர். என்னை வீட்டில் வந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

இங்கே பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை போதைப் பொட்டலம் கொண்டுதிரிந்து பிடிபட்டு, விசயம் முற்றிவிட்டால், நீதிமன்றத்தோடு அது முடிவதில்லை. இன்னொரு சபையின் முன்னாலும் போய் இருக்க வேண்டும். நீளமான மேசை, தண்ணீர்ப் போத்தல், ஒரு நீதவான், ஒரு பொலிஸ் ஆள், கொம்யூனிலிருந்து ஒருவர். அவர்கள் சிறைக்கு அனுப்புவதில்லை. பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பார்கள்: போதையிலிருந்து மீட்கும் ஆலோசகரிடம் போ, சிறுநீர்ச் சோதனை கொடு, பள்ளிக்கூடம் போ. அது சரிவராவிட்டால் வீட்டிலிருந்து எடுத்து வேறொரு இடத்தில் வைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. இவ்வளவும் முன்பு ஐந்தாறு இடங்களில் கிடந்தது. புதிய மென்பொருளில் எல்லாம் ஒரே திரையில் வந்தது. சோதனைக்கு வந்தானா, ஆலோசகர் என்ன எழுதினார், பள்ளிக்கூடம் என்ன சொல்கிறது, காலையில் எந்த முகம். முகம் அழுத்தாத நாள் சிவப்பாகும். சிவப்பு அடுத்தடுத்து வந்தால் அலுவலருக்கு அறிவிப்பு போகும். அவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார். மோசமானால் கேஸ் திரும்பவும் சபைக்குப் போகும்.

எங்கள் சனத்துக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்பது பாதிதான் தெரியும். அந்தப் பாதியே போதும் என்னைப் படுத்துவதற்கு. கோயிலிலோ கலியாண வீட்டிலோ யாராவது பக்கத்தில் வந்து இருந்து, 'அக்கா, உள்ளுக்கு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்' என்பார்கள். வீடு எப்போது கிடைக்கும், மகளின் காசு ஏன் வெட்டுப்பட்டது, பக்கத்து வீட்டுக்காரன் எழுதிப் போட்டானா. எங்கள் ஆள் ஒன்று உள்ளே இருந்தால் கதவு திறந்திருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. ஊரில் அது அப்படித்தான். இங்கே எனக்குப் பொறுப்பில்லாத கேஸை நான் திறந்தால், திறந்தது யார் என்று கணினி எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த மாதம் நான் வீட்டில் இருப்பேன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பெரிய ஆளாகிவிட்டா என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போவார்கள்.

அவள் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அவளை எனக்கு டெனிஷ் வகுப்பில் பழக்கம். இரண்டு பேரும் கடைசி வாங்கில் இருந்தோம். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள், அதனால் எனக்குத் தங்கச்சி. நான் முருகன் கோயில்காரி என்றாலும் டிசம்பரில் நத்தார்ப் பூசைக்கு அவள் பாடுவதைக் கேட்கவென்றே போவேன். புருசன் பிரெடெரிசியா நகரத்தில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. அவள் எங்கள் கட்டிடத்தில் துப்புரவு வேலை, விடியக் காலை நேரம். நான் வரும்போது அவள் போய்விடுவாள். என் மேசையைத் துடைத்துவிட்டு என் பேனாக்களை ஒரே பக்கம் பார்க்க அடுக்கி வைத்திருப்பாள். அதுதான் எங்களுக்குள் வணக்கம்.

ஒரே மகன். சின்னனில் தமிழ்ப் பூசைக்கு ஒலிவாங்கி பூட்டுவது அவன்தான். வயர்களோடு நல்ல கைப்பழக்கம். என் கைபேசியில் தமிழ் எழுத்து வரப்பண்ணித் தந்ததும் அவன்தான். தாய் தமிழில் கேட்பாள், அவன் டெனிஷில் பதில் சொல்வான். ஆனால் என்னோடு, 'அன்ரி, சரி வந்திட்டுது, பாருங்கோ' என்று தமிழில் கதைக்கப் பார்ப்பான். பிறகு உதைபந்தாட்டத்தை விட்டான், பூசைக்கு வருவதை விட்டான். ரயில் நிலையத்துக்குப் பின்னால் பெரிய பெடியன்களோடு நிற்பதாகச் சனம் சொன்னது. சனம் சொல்வதில் பாதி பொய்யாக இருக்கும் என்று நான் இருந்தேன். கஞ்சாப் பொட்டலங்களோடு பிடிபட்டபோது அந்தப் பாதியும் மெய்யாகிப் போயிற்று.

அவன் பெயர் எங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்றே மேலாளரிடம் போய், இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும் என்றேன். அந்தக் கேஸ் எனக்குப் பூட்டப்பட்டது. தேடினால் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி மட்டும் வரும். மென்பொருளின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவள் நான், அந்த ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அது நல்லது என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கேஸை எடுத்த அலுவலர் ஓய்வுக்குக் கிட்டிய ஒரு டெனிஷ் பெண். குரல் உயர்த்தாதவர், ஆனால் ஏமாளி இல்லை. சபைக் கூட்டத்துக்குத் தங்கச்சி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ஒரு பெட்டி நிறைய ரோல்ஸும் பற்றீஸும் பொரித்துக்கொண்டு போனாளாம். நீதவானுக்கும் பொலிஸ்காரனுக்கும். அவர்கள் தொட மாட்டார்கள் என்று அவளுக்கு யார் சொல்வது? பெட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுபோயிருக்கிறாள். இதை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். 'கை வைக்கேல்லை அக்கா, அப்பவே எனக்கு விளங்கீட்டுது' என்றாள். என்ன விளங்கியது என்று நான் கேட்கவில்லை. அன்று சபை அவனை வீட்டிலேயே விட்டது. சோதனை, ஆலோசகர், பள்ளிக்கூடம், காலையில் முகம். தவறினால் அடுத்த முறை வேறு கதை என்று நீதவான் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தகப்பன் மகனோடு கதைப்பதில்லை. ஒரே வீட்டுக்குள், ஒரே குசினியில், அவனைக் கதிரையைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போவாராம்.

மாதங்கள் போயின. மழையும் இருட்டுமாக இங்கே எங்களுக்கு வரும் காலம். ஒருநாள் மென்பொருளில் ஏதோ புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆட்கள் வரமுதல் செய்ய வேண்டும் என்றார்கள். வேளைக்கே போய், நனைந்த சப்பாத்தைக் கழற்றக் கட்டிடத்தின் கீழ்த்தட்டில் உடுப்பு மாற்றும் அறைக்குப் போனேன்.

அவள் வாங்கில் இருந்தாள். நீலத் துப்புரவுச் சட்டை. ஒரு கையில் கையுறை, மற்றக் கை வெறுங்கை. வெறுங்கையில் கைபேசி. நான் வந்தது தெரியவில்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கடையில் தக்காளி பொறுக்குவதுபோல விரல் ஒன்றின் மேல் போய், விட்டு, மற்றதன் மேல் போயிற்று. எனக்கு அந்தத் திரையை என் குசினியைவிட நன்றாகத் தெரியும். அந்தச் செம்மஞ்சள் விளிம்பைத் தெரிவுசெய்த கூட்டத்தில் நானும் இருந்தேன். ஐந்து முகங்கள். இரண்டாவதை அழுத்தி, அவனுடைய இலக்கத்தைப் போட்டாள். திரை நன்றி சொல்லியது.

"தங்கச்சி, என்ன செய்யிறீர்?"

அவள் துள்ளி எழும்பவில்லை. கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். "ஒண்டுமில்லை அக்கா. மகனுக்கு."

"அது அவன் செய்யிறதெல்லே."

"அவன் படுத்திருக்கிறான். எழும்பேல்லை."

நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். கோபம் வந்தால் எனக்கு முதலில் சத்தம் வரும். அன்றைக்கு வரவில்லை. எவ்வளவு காலமாக என்று கேட்டேன். தொடக்கத்தில் அவனே செய்தான் என்றாள். பிறகு நித்திரையால் எழும்ப மறந்தான். சிவப்பு வந்தது, தொலைபேசி வந்தது, தகப்பன் அவளோடு சண்டை பிடித்து வீட்டை இரண்டாக்கினார். அதற்குப் பிறகு அவன் தன் கணக்கை அவளுடைய கைபேசியிலும் போட்டுக் கொடுத்துவிட்டான். வயர்களோடு கைப்பழக்கம் உள்ள பிள்ளை.

"விடிய எழும்பி அவனுக்குச் சாப்பாடு கட்டி வைக்கிறன். உடுப்பு எடுத்து வைக்கிறன். அதுகளோடை இதுவும் ஒண்டு, அக்கா. ஒரு முகத்தை அமத்திறது ஒரு வேலையே?"

இதைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் தாய்மார் பிள்ளைக்குப் பதினாறு வயதிலும் மீனுக்கு முள் எடுத்துக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடப் பையை அடுக்கிக் கொடுப்பார்கள். பல் வலித்தால் வைத்தியருக்குத் தாங்களே எங்கே வலிக்கிறது என்று சொல்வார்கள். பிள்ளை வாய் திறக்கமுதல் பிள்ளையின் பதில் தாயிடமிருந்து வரும். நானும் அப்படி வளர்த்தவள்தான், யாரையும் நக்கலடிக்க எனக்கு வாயில்லை. இந்த மென்பொருளைச் செய்தவர்கள் ஒரு பிள்ளை எத்தனை விதமாகப் பொய் சொல்லும் என்று யோசித்திருந்தார்கள். பிள்ளைக்குப் பதிலாகத் தாய் மனமறிந்து பதில் சொல்வாள் என்று யோசிக்கவில்லை. அவர்களுடைய ஊரில் அது நடக்காது போலும்.

"எல்லா நாளும் சிரிக்கிறதையே போடுறனீர்?"

"சீ, பொய் சொல்லுவனே?" அவளுக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது. "ஆறு மணிக்கு முதல் உது திறக்காதெல்லே. நான் அஞ்சுக்கே வெளிக்கிடுறன். வெளிக்கிட முதல் அவன்ரை அறைக்குள்ளை போய், படுத்திருக்கிறவனை வடிவாப் பாப்பன். அவன்ரை முகம் எப்பிடி இருக்கோ, அதை மனசிலை வைச்சுக்கொண்டு வந்து இஞ்சை இருந்து அமத்துவன். நித்திரையிலை ஆரும் பொய் சொல்லேலாது அக்கா. அழுறது ரெண்டு தரம் போட்டிருக்கிறன்."

மேலே அவனுடைய கேஸில் அந்த முகங்கள் ஒரு வரிசையாக நிற்கும். ஒரு நாள் சிரிப்பு, ஒரு நாள் கோணல், இடையில் ஒரு சொட்டுக் கண்ணீர். பார்க்கிறவருக்கு மனதைத் திறந்து பதில் சொல்கிற ஒரு பிள்ளை தெரிவான். நேர்மையாக இருக்கிறான், முன்னேறுகிறான் என்று நினைத்திருப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் மறைத்ததாக நினைக்கவே இல்லை.

பிறகு ஒன்று எனக்குத் தட்டுப்பட்டது.

"அவன் வீட்டிலை இல்லாத நாளிலை?"

அவள் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நேராக்கினாள்.

"அண்டைக்கு நடுவிலை இருக்கிற முகம்," என்றாள்.

"அப்பிடி எத்தினை நாள்?"

"முந்தி எப்பவாவது. இப்ப கொஞ்சம் கூட." பிறகு, நான் கேட்காமலே, "நேற்றும் வரேல்லை. முந்தநாளும் வரேல்லை. இண்டைக்கும் அறை வெறுமை," என்றாள்.

"இண்டைக்கு ரெண்டாவதை எல்லோ அமத்தினீர்."

"நடுவிலையே போட்டுக்கொண்டிருந்தால் கேப்பினம்."

சிறுநீர்ச் சோதனைக்கு? காய்ச்சல், வயிற்றுக்குத்து என்று அவள் தகவல் அனுப்பியிருக்கிறாள். தகப்பனுக்கு? அவருக்குத் தெரியாது, அவர்தான் அந்த அறைக் கதவையே பார்ப்பதில்லையே. மூன்றாம் நாளாகப் பிள்ளை எங்கே என்று தெரியாது, இவள் இங்கே இருந்து அவன் நலமாக இருக்கிறான் என்று அரசாங்கத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மேலே போய் அலுவலரிடம் சொல்வோம், நானும் வருகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள். குளிர்ந்த கை, கிருமிநாசினி மணம்.

"எடுத்துக்கொண்டு போயிடுவினம் அக்கா. உங்களுக்குத் தெரியாதே? இவையள் பிள்ளையை எடுத்தால் திருப்பித் தராயினம்."

"இப்ப மட்டும் உம்மோடையே இருக்கிறான்?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பொல்லாத சொல் என்று தெரிந்தது. ஆனால் அது உண்மை. அவளுக்கும் அது தெரியும். அழவில்லை. "நாளைக்குச் சொல்லுறன். இண்டைக்கு இரவு வந்திட்டால் நாளைக்கு நானே போய்ச் சொல்லுறன்," என்றாள். இல்லை, இன்றைக்கு, அலுவலர் வந்தவுடன், என்றேன். நீர் சொல்லாவிட்டால் நான் சொல்லத்தான் வேண்டும், அது சட்டம், அதைவிட அவன் உயிர் என்றேன். ஓம் அக்கா என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அலுவலர் வந்து குளிர்ச்சட்டையைக் கழற்றியபோது கீழே போய்ப் பார்த்தேன். தலைச்சுற்று என்று சொல்லிவிட்டு வேலையை அரைகுறையில் விட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். என் மேசையில் பேனாக்கள் குலைந்து கிடந்தன.

நான் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, அலுவலரிடம், கண்டதையும் கேட்டதையும் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல். அவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. முடிவில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'அந்தப் பையன் மிகவும் ஒழுங்காகப் பதில் சொல்கிறான் என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது' என்றார். பிறகு தொலைபேசியை எடுத்தார். என்னை வெளியே போகச் சொன்னார், அதுவும் சரிதான்.

மறுநாள் அவனை ஓகூஸ் நகரத்தில் கண்டுபிடித்தார்கள். யாரோ ஒருவருடைய மாடிக் குடியிருப்பின் கீழே, சைக்கிள்கள் விடும் நிலவறையில். கஞ்சா மட்டும் இல்லை, போதைக் குளிசைகளும். மூச்சு மெலிந்து கிடந்தானாம். அலுவலர் என்னிடம் சொன்னது ஒரே வசனம்: உயிரோடு இருக்கிறான். மற்றதெல்லாம் சனத்தின் வாயால் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். டென்மார்க்கிலும் இல்லை. ஆசுபத்திரியில் இருந்து எழும்பிய பிறகு கேஸ் திரும்பவும் சபைக்குப் போனது. இந்த முறை அவள் ஒன்றும் பொரித்துக்கொண்டு போகவில்லை. வடக்கே, கடலோரமாக, ரயிலும் போகாத ஓர் இடத்தில் உள்ள விடுதிக்கு அவனை அனுப்பினார்கள். அவள் பயந்தது அப்படியே நடந்தது.

அவன் எஃப்டஸ்கோலவுக்குப் போயிருக்கிறான் என்று குடும்பம் சொன்னது. இங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வருடம் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் அது, காசுள்ளவர்கள் பெருமையாக அனுப்புவார்கள். எல்லோரும் நம்புவதாகத் தலையாட்டினார்கள். 'நல்ல விசயம், பெடியனுக்கு ஒழுக்கம் வரும்' என்றார்கள். அதே வாயால் என்னை என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஒரு பிறந்தநாள் விழாவில் நான் இருந்த மேசையில் இரண்டு கதிரை கடைசிவரை வெறுமையாக இருந்தது. கை கழுவும் இடத்தில் ஒரு மனிசி மற்றவளிடம் சொன்னது என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னது: "உவதான் தலையாட்டி."

அந்தச் சொல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஊரில் போர்க்காலத்தில் ஆமி சுற்றிவளைத்தால் சனத்தை வரிசையில் விடும். சாக்கால் முகம் மூடிய ஒருவனைக் கொண்டுவந்து இருத்தியிருக்கும். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அந்தப் பிள்ளை ட்ரக்கில் ஏறும். பிறகு வராது. என் சொந்தத் தம்பி அந்த வரிசையில் நின்று தப்பியவன். அன்றைக்கு அந்தச் சாக்குக்குள் இருந்த கண்களை நானும் பார்த்தேன். என்னைப் போய் அந்தச் சொல்லால் சொன்னார்கள். கையை நன்றாகக் கழுவி, துடைத்து, வீட்டுக்கு வந்து, காருக்குள்ளேயே இருந்து அழுதேன். புருசன் வந்து கண்ணாடியில் தட்டும்வரை அழுதேன். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

ஆனால் எனக்கு ஒரு துளி மனவருத்தமும் இல்லை. இன்னொரு முறை அப்படி நடந்தாலும் அதையே செய்வேன். அந்தப் பிள்ளை இன்னோர் இரவு அந்த நிலவறையில் கிடந்திருந்தால் அவர்கள் எல்லோரும் கறுப்பு உடுத்துக்கொண்டு வந்து, ஏன் ஒருவரும் முதலே சொல்லவில்லை என்று என்னைத்தான் கேட்டிருப்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

அவள் சில கிழமைகளில் வேலைக்குத் திரும்பி வந்தாள். வேறு தட்டுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறாள், கொடுக்கவில்லை. என் மேசையைத் துடைத்தாள். மற்ற மேசைகளைத் துடைப்பதுபோலத் துடைத்தாள். பேனாக்கள் கிடந்தபடி கிடந்தன. கோயிலிலும் கடையிலும் கண்டால் முகம் திருப்ப மாட்டாள். அது அவள் குணமில்லை. நேரே பார்ப்பாள், நான் அங்கே இல்லாததுபோல. அவளுடைய புருசன் ஒருநாள் கடையில் என்னிடம் வந்து, "அக்கா, நீங்கள் செய்தது சரி," என்று மெல்லச் சொன்னார். அவரோடு எனக்குக் கோபம் கூடிற்று. மகனோடு இதில் கால்வாசி கதைத்திருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விடுதியில் அவனுக்கு அந்தச் செயலிக்குள் போகப் புதிய இலக்கம் கொடுத்தார்கள். கேஸில் எழுதப்பட்டதை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் யாராவது பிழையான இலக்கத்தோடு திரும்பத் திரும்ப உள்ளே வரப் பார்த்தால் அது என் திரைக்கு வரும், அது எந்தக் கேஸுக்கும் உரியதில்லை, பொதுவான வேலை. ஒரு நாள் காலை அப்படி ஒன்று வந்தது. பழைய கைபேசி ஒன்று, ஆறு மணிக்குச் சற்றுப் பிந்தி, ஒரே ஒரு முறை. அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். பெயர் இல்லை, தேவையும் இல்லை. அந்த நேரத்தில் எந்தப் பதினாறு வயதுப் பிள்ளையும் எழும்புவதில்லை. 'இந்தக் கைபேசியைத் தடுக்கவா?' என்று திரை கேட்டது. நான் விட்டுவிட்டேன். பிறகு மேலாளர் கண்டுவிட்டார். இது என்ன, இதை ஏன் இன்னும் தடுக்கவில்லை என்று கேட்டார். இன்றைக்குச் செய்கிறேன் என்றேன்.

சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை. அடுத்த நாள் விடிய வேளைக்கே போய் உடுப்பு மாற்றும் அறைக்கு இறங்கினேன். அதே வாங்கு, அதே நீலச் சட்டை, ஒரு கையில் கையுறை. மெலிந்துபோயிருந்தாள். அந்தச் செயலியைத் திறந்தால் முதலில் முகங்கள்தான் வரும், அழுத்திய பிறகுதான் இலக்கம் கேட்கும். அப்படி வைத்தால் பிள்ளைகள் சலிக்காமல் வருவார்கள் என்று அந்த நிறுவனத்துப் பெடியன் சொல்லியிருந்தான். அவள் ஒன்றை அழுத்தினாள், பழைய இலக்கத்தைப் போட்டாள். சிவப்பில் ஒரு வரி வந்தது. கைபேசியை மடியில் கவிழ்த்தாள். அப்போதுதான் என்னைக் கண்டாள்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். "தங்கச்சி, உது இனித் திறக்காது. அவனுக்குப் புது நம்பர் குடுத்திட்டினம்."

"தெரியும்."

பல மாதங்களுக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் சொல் அது.

"பிறகேன் ஒவ்வொரு நாளும் வந்து அமத்திறீர்?"

அவள் மற்றக் கையுறையைப் போட்டுக்கொண்டாள். வாளிக்குள் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. குழாயைப் பூட்டினாள்.

"அது கேக்குதெல்லே அக்கா, எப்பிடி இருக்கிறாய் எண்டு."

அறைக்குள் கிருமிநாசினி மணத்தது. வாயை வைத்துக்கொண்டு இருக்க எனக்கு ஒருநாளும் தெரியாது.

"எந்த முகத்தை அமத்திறனீர்?"

"நடுவிலை இருக்கிறதை," என்றாள். "வேறை எதை அமத்த? அவன் வீட்டிலை இல்லையே."

வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனாள். நான் என் மேசைக்குப் போய் அந்தக் கைபேசியைத் தடுத்தேன்.